ரஞ்சிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த துப்பாக்கி

ஏலமலைக்கு அடியில் இருக்கும் எங்கள் மேகனூத்தில், ஏலக்காய்க் கடை சுருளியப்பன் வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டிருந்த வேட்டியின் நடுவே, ஒரு வடகத்தைக்கூட நசுக்காமல், தனக்கென்று இடம் விட்டுத்தான் பிழிந்திருக்கிறார்கள் என்பதுபோல அந்த ரிவால்வர் முதல்முதலாக வந்து கிடந்தபோது, சுருளியப்பனின் மனைவி ரஞ்சிதம் அலறவில்லை. காக்காய் விரட்டக் கொண்டுபோன குச்சியால் அதை ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தாள், தள்ளிய பக்கம் போன அது, அவள் குனிந்து நிமிர்வதற்குள் மறுபடி அவள் முகத்துக்கு நேராகத் திரும்பியிருந்தது.

அது யாருடையது என்று ஊருக்கே தெரியும். எதிர் லாட்ஜின் மாடி அறையில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு என்று சொல்லிக்கொண்டு நெடுநாளாகத் தங்கியிருந்த தேவசகாயம், ஜன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்திருந்தார். ஊரில் ஒரு ஆளுக்காவது அவர் இன்சூரன்ஸ் போட்டுவிட்டதாகக் கேள்வி இல்லை. ஆனால் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார் என்பதால் யாரும் தோண்டித் துருவவும் இல்லை. அவர் பெட்டியிலிருந்து போலீஸ்காரர்கள் எடுத்துப்போன துப்பாக்கிதான் வடகத்துக்கு நடுவில் கிடந்தது. ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மறுநாள் ரஞ்சிதத்தின் அரிசிப் பானைக்குள் இருந்தது. மறுபடி கொடுத்தார்கள். அவள் குளித்துவிட்டு வந்து கொடியில் சேலையை எடுத்தால் சேலை மடிப்புக்குள் இருந்தது.

அது நகர்ந்து யாரும் பார்த்ததில்லை. இல்லாத இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். ரஞ்சிதம் தெருவில் நின்று புதிதாக ஒரு ஆளிடம் இரண்டு வார்த்தை பேசினாலோ, வழக்கமாகப் போகாத சந்தில் திரும்பினாலோ, அதன் உருளை ஒரு கட்டம் திரும்பி ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே குண்டு எதுவும் இல்லை, போலீஸ்காரர்களே கழற்றிப் பார்த்துச் சொன்னார்கள். குண்டு இல்லாத துப்பாக்கிக்குப் பயப்பட என்ன இருக்கிறது என்று நாங்களும் மேல்துண்டை உதறிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், பழகப் பழகப் பேயும் பக்கத்து வீட்டுக்காரி ஆகிவிடும் என்பதை எங்கள் ஊர்தான் கண்டுபிடித்தது. டவுன் பஸ்ஸில் ரஞ்சிதம் ஏறினால் கண்டக்டர் அவள் மடியை எட்டிப் பார்த்து, “ஆளு வந்திருச்சா, ரைட்டு” என்று விசில் ஊதுவார். கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் இலைக்குப் பக்கத்தில் ஒரு முழம் இடம் விட்டே உட்கார்ந்தார்கள், அந்த முழத்தில் அது வந்து இருந்துகொள்ளும். தேர்தல் வந்தால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும் அல்லவா, எஸ்டேட் முதலாளிகள் தோட்டாத் துப்பாக்கிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கிற அந்த நாட்களில், இதை மட்டும் தனியாக ஒப்படைக்க முடியாது என்பதால் ரஞ்சிதத்தையே ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். அவள் வாக்குப்பதிவு முடிகிறவரை பெஞ்சில் உட்கார்ந்து, சொளகில் துவரம்பருப்புப் புடைத்துக்கொண்டிருப்பாள். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் மெச்சினோம்.

வெள்ளிக்கிழமைகளில் சில பெண்கள் அதற்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். காணாமல்போன மாட்டைக் கேட்டார்கள், ஓடிப்போன மகனைக் கேட்டார்கள். அது யாரையும் ஏறிட்டும் பார்க்கவில்லை. அதற்கு ரஞ்சிதம் ஒருத்திதான். அதனாலேயே, மெல்ல மெல்ல, நாங்களும் ரஞ்சிதத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். நெருப்பில்லாமல் புகையாது என்று ஒருவர் சொன்னார், ஆமாம் என்று மற்றவர் தலையாட்டினார். எதற்காகச் சிரிக்கிறாள், எதற்காகச் சாயங்காலமானால் மாடியில் போய் நிற்கிறாள், மஞ்சள் சேலை ஏன் கட்டினாள் என்று ஊரே அந்த உருளையைப்போலக் கட்டம் கட்டமாகத் திரும்பி எண்ணியது. அவள் சிரிப்பது நின்றுபோனது. அதையும் கவனித்தோம், அதற்கும் ஒரு காரணம் சொன்னோம்.

சுருளியப்பன் மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. கோவிலுக்குக் கொடுப்பவர், கடைக்கு வருகிறவர்களுக்குக் காப்பி வாங்கித் தருபவர், மனைவிமீது கை நீட்டாத மனுஷன் என்று பெயரெடுத்தவர். வருஷா வருஷம் ஆயுதபூசைக்குத் தராசு, படிக்கல், சாக்கு ஊசி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைக்கும்போது அந்த ரிவால்வருக்கும் ஒரு பொட்டு வைத்து, அதன்முன் வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிடுவார். பாருங்கள், என்ன பெரிய மனசு என்று அதற்கும் நாங்கள் உருகினோம்.

ரஞ்சிதம் மஞ்சள்காமாலையில் இறந்தாள். அவளைக் கிடத்தியிருந்த பெஞ்சின் கீழே அது இருந்தது, அன்று பகல் முழுக்க அதன் உருளை நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது, ஒப்பாரிக்கு நடுவில் அந்தச் சத்தம் தையல் மிஷின்போலக் கேட்டது. சுடுகாடுவரை போனது. இனி விட்டது சனியன் என்று நாங்கள் குளித்துவிட்டுத் திரும்பி வந்தால், அவளுடைய மகள் தவமணி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, கூடத்தில் தன் புத்தகப் பையைத் திறந்துவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. பைக்குள் ஜாமெட்ரி பாக்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது அது.

தவமணி அம்மாவைப்போல இல்லை. பேசுகிறவள். “என்னத்தப் பாக்குற, பாரு, நல்லாப் பாரு” என்று அதனிடமே சண்டை போடுவாள். நர்சுக்குப் படிக்க மதுரைக்குப் போனாள். விடுதியில் அவள் டிபன் பாக்ஸில் இட்லிக்கு மேல் அது இருந்ததைப் பார்த்து வார்டன் மயங்கி விழுந்து, பிறகு அவரும் பழகிக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கருவிகளோடு தட்டில் அதுவும் கொதித்து எழுந்தது. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைக் கையில் எடுத்தபடியே எழுந்து போனார்கள். அதற்கெல்லாம் அவள் அழவில்லை. மஸ்கட்டில் வேலை கிடைத்தபோதுதான் அழுதாள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் சேலைக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் ரிவால்வர் இருந்தால் என்ன ஆகும் என்று ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நேராகச் சிறைக்குத்தான்.

“எனக்கு மஸ்கட்டுகூட வேணாம் அத்தே,” என்று அவள் பக்கத்து வீட்டுக் காமாட்சியிடம் சொன்னாள். காமாட்சி, ரஞ்சிதத்தோடு சேர்ந்து ஏலக்காய் ரகம் பிரித்தவள். “ஒரே ஒரு நாள், யாரும் என்னையப் பாக்காம நான் ஒரு டீ குடிக்கணும். அம்புட்டுத்தேன்.”

ஆஸ்பத்திரியில் இருந்த மயக்க மருந்து டாக்டர் ஒருவர், அந்தத் துப்பாக்கியின் மரப்பிடியில் செதுக்கியிருந்த ஒரு கண்ணைப் பார்த்துவிட்டு, இதே கண் பொறித்த ரிவால்வர்களை ஒரு அம்மாள் சென்னையிலிருந்து ஊர் ஊராகத் தேடிக்கொண்டு அலைகிறார் என்று சொன்னார். தவமணி போன் போட்டாள். அந்த அம்மாள் வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, “அது உங்களப் பாத்துட்டிருக்கா?” என்று மட்டும் கேட்டாராம்.

கிளாரா அருளானந்தம் வந்து இறங்கியது ஆயுதபூசை அன்று காலையில். நரைத்த முடியைக் கிராப்பாக வெட்டியிருந்த, ஆண்கள் கைக்கடிகாரம் கட்டியிருந்த பெண். கடை வாசலில் பொரிகடலைக்காகக் கூடியிருந்த நாங்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றுகொண்டோம். சுருளியப்பன் உள்ளே தராசுக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். தவமணி மடியிலிருந்து ரிவால்வரை எடுத்து நீட்டியதும், கிளாரா அதைக் கையில் வாங்கவில்லை. தூக்கத்தில் இருக்கும் நாயைப் பார்ப்பதுபோலச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

“அஞ்சாவது,” என்றார். “இவ்ளோ வருஷமா இதத்தான் தேடிட்டிருந்தேன்.”

பிறகு அவர் சொன்ன கதை இது. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரிகள் மூட்டை கட்டியபோது, அவர்களில் ஒருவர் ஏலத்தில் விட்டுப்போன ஐந்து ரிவால்வர்களை, போலீஸ் வேலையை விட்டிருந்த கிளாராவின் தகப்பனார் எடுத்தார். எடுத்து, பிராட்வே பக்கம் ஒரு மாடியில் துப்பறியும் நிலையம் ஒன்றை ஆரம்பித்து, ஒவ்வொரு பிடியிலும் ஒரு கண்ணைச் செதுக்கவைத்தார். ஒன்று கப்பல் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் திருட்டுப் போன பட்டு மூட்டைகளின் பின்னால் நாகப்பட்டினம்வரை போய்வந்தது, இப்போது ஒரு நாடகக் கம்பெனி பெட்டியில் பொய் மீசைகளோடு கிடக்கிறது. ஒன்று சேலத்தில் உயிலை ஒளித்த தம்பி ஒருவன் பின்னால் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தது, இப்போது அவன் பேரன் வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று வேலூரில் ஒரு கிணற்றைத் தூர்வாரும்போது வந்தது. இன்னொன்று கிளாராவின் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. நான்கும் தூங்குகின்றன. வேலை முடிந்த துப்பாக்கிகள்.

“இது மட்டும் ஏன் முழிச்சிக்கிட்டிருக்கு?” என்று காமாட்சி கேட்டாள்.

“இதுக்கு வேல முடியல,” என்றார் கிளாரா. “அப்பாகிட்ட ஒரு பழக்கம் இருந்திச்சு. கையெழுத்து, காகிதம் எதுவும் கிடையாது, ரகசியம் வெளிய போயிடும்னு. யார் வேல குடுக்கறாங்களோ அவங்களே துப்பாக்கிக்கு முன்னால வெத்தல பாக்கு வச்சு, துப்பறியறவர் கையில எடுத்துக் குடுக்கணும். வேல ஆரம்பம். முடிஞ்சா அதே ஆள் வந்து போதும்னு சொல்லி விடுவிக்கணும். தேவசகாயம் அங்கிள் இந்த ஊருக்கு வந்தது இன்சூரன்ஸுக்கு இல்ல. ஒரு பொண்ணப் பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு. எந்த ஊர்ல இருக்கார், யார் அனுப்பினாங்கன்னு அவர் யார்கிட்டயும் சொல்லல. அவர் செத்துட்டாரு, அனுப்பினவர் போதும்னு சொல்லவே இல்ல. அதனாலதான் அம்மா போனதும் பொண்ணு பின்னால வந்திடுச்சு.”

அப்போது சுருளியப்பன் உள்ளேயிருந்து வெற்றிலைத் தட்டோடு வாசலுக்கு வந்தார்.

நாங்கள் கொஞ்சம் மெதுவாகப் புரிந்துகொள்கிறவர்கள். ஆனாலும் அந்தத் தட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது, வாயில் போட்ட பொரி அப்படியே நின்றது. வருஷா வருஷம் இந்தத் தட்டு. வருஷா வருஷம் துப்பாக்கிக்கு முன்னால் இந்த வெற்றிலை. ரஞ்சிதம் இருந்தபோதும் வைத்தார், அவள் செத்த பிறகு மகள் பூசைக்கு வீட்டுக்கு வந்தபோதெல்லாம் வைத்தார். அவர் சாமி கும்பிடுகிறார் என்று நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்ட ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன் அதற்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“அப்பா,” என்றாள் தவமணி. “தெரியாமச் செஞ்சீங்களா?”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். நம்புவதற்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. சுருளியப்பன் தட்டைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியும்,” என்றார்.

காமாட்சிதான் முதலில் அசைந்தாள். எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துவராமல் தீர்த்துக்கொள்ள வேண்டுமானால், நாலு பேர் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் போதும், அதோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவள் சாக்கு மூட்டையிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பை உருவி எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“கட்டுனவுகதேன் தீத்துவிடணும் அண்ணே. கிள்ளிப் போட்டுட்டுப் போதும்னு சொல்லுங்க. பிள்ள ஊருக்குப் போகட்டும்.”

வீட்டில் ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட்டு அறியாத மனுஷன், அந்தத் துரும்பை இரண்டு கையாலும் வாங்கினார். ரிவால்வரைத் தரையில் வைத்தாள் தவமணி. அது அவளைப் பார்த்தபடியே கிடந்தது. சுருளியப்பன் விரலால் துரும்பை வளைத்தார், வளைத்தவர் நிறுத்திக்கொண்டு கிளாராவைப் பார்த்தார்.

“அந்த ஆளு என்ன சொன்னாரு?”

“எதப் பத்தி சார்?”

“அவளப் பத்தி. என்னத்தப் பாத்தாருன்னு உங்கப்பாட்ட சொல்லியிருப்பார்ல.”

கிளாரா கைக்கடிகாரத்தின் வாரைச் சரிசெய்துகொண்டார். “மாசா மாசம் போன்ல ஒண்ணேதான் சொல்வாராம். ஒண்ணுமே இல்ல, நல்ல பொம்பள. சாயங்காலம் ஆனா மாடிக்குப் போய் மலையப் பாத்துக்கிட்டு நிப்பாங்க, அவ்ளோதான். இதச் சொல்றதுக்கா ஒரு ஆள இங்க உக்கார வச்சிருக்கீங்கன்னு திட்டுவாராம்.”

சுருளியப்பனின் முகம் இளகும் என்று நாங்கள் காத்திருந்தோம். இத்தனை வருஷத்துப் பாரம் இறங்கி அவர் அழுதுவிடுவார் என்று பெண்கள் முந்தானையைத் தயாராகப் பிடித்திருந்தார்கள். அவர் குனிந்து யோசித்தார். ஏலக்காயில் கலப்படம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பவரைப்போல மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

“மலையில யாரு?” என்று கேட்டார்.

துரும்பு அவர் விரலிலிருந்து முறியாமலேயே கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு குழந்தையின் கையிலிருந்து பொரிக் கிண்ணம் நழுவி உருண்ட சத்தத்தில்கூட அவர் திரும்பவில்லை, அந்தக் கேள்விக்குப் பதில் வரும் என்று கிளாராவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குப் பயம் வந்தது துப்பாக்கியைப் பார்த்து இல்லை.

தவமணி அழுவாள் என்று நினைத்தோம். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தராசுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிலைத் தட்டை எடுத்து வந்து ரிவால்வருக்கு முன்னால் வைத்தாள். வைத்து, ஆயுதபூசைக்கு அவர் செய்கிற மாதிரியே இரண்டு வெற்றிலையின் நுனியையும் நேராக்கினாள்.

“மேடம்,” என்றாள் கிளாராவிடம். “வேல குடுக்குறதுக்குப் பொம்பளைக ஆகாதுன்னு எதுவும் உண்டா?”

“அப்படி எதுவும் இல்லம்மா. புதுசா ஒரு வேல வந்தா அது பழச விட்டுடும்.”

தவமணி ரிவால்வரைத் தூக்கினாள். அவ்வளவு நாளும் அவள் அதை வேண்டாத பொருளை எடுத்து அந்தப் பக்கம் போடுவதுபோலத்தான் தொட்டிருக்கிறாள், அன்றுதான் முதல்முறையாக இரண்டு கையாலும் பிடித்தாள். கொடுக்கத் துப்பறிகிற ஆள் யாரும் அங்கே இல்லை; அதனால் அவள் அதை மறுபடி தட்டிலேயே, வெற்றிலைமேல் வைத்தாள்.

“எங்க அப்பா,” என்றாள், “சுருளியப்பன். இவரு பின்னாடி போ.”

நாங்கள் எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். எப்போது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. தட்டில் வெற்றிலை மட்டும் இருந்தது, சுருளியப்பன் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றார்.

தீபாவளி கழிந்து தவமணி கிளம்பினாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம், சேலை, ஊறுகாய், காமாட்சி கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி. எஸ்டிடி பூத்திலிருந்து கடைக்குப் போன் பண்ணி, “அப்பா, பெட்டியில இல்ல,” என்றாள். “இங்கனதேன் இருக்கு,” என்றார் சுருளியப்பன். அவள் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததாகவும், டீ ஆறிப்போய் நன்றாகவே இல்லை என்றும், அப்படியும் இன்னொன்று வாங்கிக் குடித்ததாகவும் பிறகு காமாட்சிக்குச் சொன்னாள்.

சுருளியப்பன் கடையைத் திறந்தார், மூடினார். முதல் மாதம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சவரம் செய்யும் கண்ணாடிக்கு முன்னால் அது இருக்கும். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். பழைய வாடிக்கையாளர் ஒருவரோடு வழக்கத்தைவிட நாலு வார்த்தை கூடப் பேசினார், ‘டிக்’ என்றது, பாதியில் பேச்சை நிறுத்திக்கொண்டார். சலூனை மாற்றினார், ‘டிக்’ என்றது, பழைய சலூனுக்கே போனார். ஒளிக்க அவரிடம் எதுவுமே இல்லை, அது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் எதையோ ஒளிக்கிறவர்போல நடக்க ஆரம்பித்தார். நாங்கள்? நாங்கள் எப்போதும்போலத்தான். சுருளியப்பன் ஏன் சலூனை மாற்றினார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம்.

தை மாதத்தில் ஒரு பகல், காமாட்சி வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து அவளுக்கு எதிரே நின்றார். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. மடியில் துருத்திக்கொண்டிருந்ததைக் கையால் மறைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளையைப்போலக் கேட்டார்.

“காமாட்சி, நான் என்ன தப்பு பண்ணேன்? நீயே சொல்லு. அது என்னத்தப் பாக்குது எங்கிட்ட?”

காமாட்சி புளியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“எனக்கு என்ன தெரியும் அண்ணே,” என்றாள். “ரஞ்சிதம் அக்காவும் இந்த எடத்துல ஒக்காந்துதேன் எங்கிட்ட இதையே கேட்டுச்சு. சாகுற மட்டும் கேட்டுச்சு.”

அவர் நின்றுகொண்டே இருந்தார். காமாட்சி கொட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு அடுத்த புளியை எடுத்தாள்.